மேட்டுப்பாளையம் – குன்னூர் மலை ரயிலில் 23 பேர்: போய் வந்தோம்

கொழுந்துக்கூடை (குன்னூர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மகளிர் குழுவை மலை ரயிலில் கூட்டிப் போக முடியுமா என்று நவம்பரில் இங்கே கேட்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிட்டோம். மொத்தம் 23 பேர். அதில் 17 பேர் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள், இல்லையென்றால் பறித்து ஓய்ந்தவர்கள். மூத்தவருக்கு 72 வயது. சின்னவன் என் அக்கா மகன், ஆறு வயது.

ரன்னிமேடு பக்கம் சரிவில் கூடையோடு நிற்கும்போது தினமும் காலையில் கீழேயிருந்து ஊதல் கேட்கும். முதலில் புகை தெரியும், அப்புறம் நீலப் பெட்டி தெரியும். உள்ளே இருப்பவர்கள் கை ஆட்டுவார்கள். நாங்களும் ஆட்டுவோம். முப்பது வருடமாகக் கை ஆட்டியவர்கள் எங்கள் குழுவில் இருக்கிறார்கள். ஒரு தடவைகூட அந்த ரயிலில் ஏறியதில்லை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் ரயிலில் போயிருக்கிறோம். ஆனால் நீராவி என்ஜின் ஓடும் கீழ்ப்பகுதி எங்களுக்கு எட்டாமலே இருந்தது. மேட்டுப்பாளையத்துக்கு வேலை என்றால் பஸ் ஏறிவிடுவோம். ரயில் டிக்கெட் எங்கள் கைக்கு வந்ததே கிடையாது.

டிக்கெட் கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். முதலில் ஓர் ஏஜென்டிடம் கொடுத்தோம். எல்லாருக்கும் உறுதி என்று முன்பணம் வாங்கினார். கடைசியில் காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை நீட்டினார். கொடுத்ததில் பாதிதான் திரும்பி வந்தது. வாரம் ஐம்பது ஐம்பதாகச் சேர்த்த பணம் அது, இன்னும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு நாங்களே இறங்கினோம். ஒரு பதிவில் ஆறு பேர்தான் போட முடியும். பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். காலேஜ் படிக்கும் நான்கு பிள்ளைகள் நான்கு போனோடு உட்கார்ந்து 6, 6, 6, 5 என்று எடுத்தார்கள். இரண்டு பெட்டியில் பிரிந்து உட்கார வேண்டி வந்தது. பரவாயில்லை.

ரயில் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்புகிறது. நாங்கள் மலைமேல் இருக்கிறவர்கள், ஏறுவதற்காக முதலில் இறங்க வேண்டும். நாலு மணிக்கு வேன். பர்லியார் தாண்டும்போது ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பித்தார்கள், ஸ்டேஷன் வந்தபோது புழுக்கம். என்ஜினைப் பார்க்க முன்பக்கம் ஓடிய பிள்ளைகள் அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார்கள். என்ஜின் பின்னால் நிற்கிறது. இழுத்துப் போவதில்லை, முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறது. தினமும் பார்த்த ரயில்தான், இருந்தாலும் தூரத்திலிருந்து இது எங்களுக்குப் புரியவில்லை.

பவானி ஆறு, அப்புறம் கல்லாறு பாக்குத் தோப்பு. கல்லாறு தாண்டியதும் சத்தம் மாறியது. அதுவரை சாதாரண ரயில் சத்தம். பிறகு காலுக்கு அடியில் ‘கடக் கடக்’ என்று எதையோ கடித்துக் கடித்து ஏறுகிற மாதிரி. நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைப் பிடித்துவிட்டது என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எங்கள் பெட்டியின் முன்பக்கத் திண்ணையில் பிரேக்ஸ்மேன் நின்றார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர். அவர் கையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் காய்ப்புக் காய்த்து மஞ்சளாக இருந்தது. பிரேக் பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்த அக்கா தன் விரலை விரித்துப் பார்த்தார். அவருக்குக் கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறை ஏறிய வெடிப்பு. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அக்கா பையிலிருந்து வர்க்கிப் பொட்டலத்தை எடுத்து அவருக்கு நீட்டினார்.

72 வயது அம்மா என்று சொன்னேனே, அவர் இலங்கையிலிருந்து வந்தவர். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு மேட்டுப்பாளையம் வந்தபோது அவருக்கு இருபது வயது. அங்கிருந்து லாரியின் பின்னால் மூட்டை முடிச்சோடு நின்றுகொண்டே மலை ஏறினாராம். ‘அன்னைக்கு இந்த ரயில் சத்தம் கேட்டுச்சு, காட்டுக்குள்ள எங்கன்னு தெரியலை’ என்றார். வழி முழுக்க ஜன்னலை விட்டு நகரவில்லை. ரன்னிமேடு தாண்டி எங்கள் சரிவு வந்தது. ஞாயிறு, தோட்டத்தில் ஆள் இல்லை. நாங்கள் நின்று கை ஆட்டும் பாறை மட்டும் வெறுமையாக இருந்தது. அவர் அந்தப் பாறைக்குக் கை ஆட்டினார். பெட்டி முழுக்க ஆட்டினோம்.

குன்னூரில் பத்தரை மணிக்கு இறங்கினோம். மத்தியானம் சிம்ஸ் பூங்காவில் கட்டுச்சோறு, புளிசாதமும் உருளைக்கிழங்கும். 1874இல் தொடங்கிய பூங்கா, எங்கள் ஊரிலேயே இருக்கிறது, அங்கேயும் பாதிப் பேர் முதல் தடவை.

கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பொன்மலை வொர்க்‌ஷாப்

படித்ததும் கண் நிறைந்துவிட்டது தங்கச்சி. திருச்சி பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த மலை ரயிலுக்கு எங்கள் பணிமனையிலேயே புதிதாக நீராவி என்ஜின் கட்டியிருக்கிறோம், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட அந்தச் சத்தம் இதுதான். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் பக்கம் பக்கமாகப் போகும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி மாற்றி வைத்திருப்பார்கள். அதனால் என்ஜினுக்கு அடியில் சுற்றும் பல்சக்கரம் எந்த நொடியிலும் ஏதோ ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும். பிடி விட்டுப்போகாது. சுவிட்சர்லாந்துக்காரர் ஆப்ட் கண்டுபிடித்த முறை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை இந்தப் பல் பாதை. ஏற்றம் சில இடங்களில் பன்னிரண்டடிக்கு ஓரடி. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும்.

என்ஜினில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். இரண்டு, தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களுக்கு. இரண்டு, பல்சக்கரத்துக்கு. சமதரையில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். பல் பாதைக்குள் நுழைந்ததும் அந்த இரண்டில் வேலை முடித்து வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் அடுத்த இரண்டுக்குள் விடுவார்கள். அதே ஆவி இரண்டு தடவை உழைக்கிறது. கைக்கடிகாரத்துக்குப் பேர் போன நாட்டில், விண்டர்தூரில் உருவான வடிவமைப்பு. நூறு வருடம் தாண்டியும் அதை மாற்றத் தேவை வரவில்லை.

என்ஜின் பின்னால் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஏதாவது இணைப்பு அறுந்தால் பெட்டி கீழ்நோக்கி உருளும். கீழே என்ஜின் இருந்தால் தாங்கிக்கொள்ளும். ஆனால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் பெட்டியில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. அவர் யானையைப் பார்த்தாலும் பாறையைப் பார்த்தாலும் கொடி வழியாகத்தான் பின்னால் சேதி போகும். அவருக்கு வர்க்கி கொடுத்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

காரமடை குமரி

அக்கா, எங்கள் அப்பார்ட்மென்ட்டில் 15 பேர், பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியுமா? கழிப்பறை எப்படி? சாப்பாடு?

கொழுந்துக்கூடை

படி கொஞ்சம் உயரம். ஒருவர் கீழேயிருந்து தாங்கினால் ஏறிவிடலாம். இருக்கை குறுகல், முழங்கால் எதிரே இருப்பவர் முழங்காலில் இடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார வேண்டும், அதை முதலிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். பெட்டியில் கழிப்பறை கிடையாது, ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குப் போகவும் வழி இல்லை. மேட்டுப்பாளையத்தில் ஏறும் முன் எல்லாரையும் போய் வரச் சொன்னோம். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கலாம். அங்கே டீ, வடை கிடைக்கும். குரங்கும் வரும். கையில் எதையும் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள், எங்கள் பையன் கையிலிருந்த வாழைப்பழம் ஒரே இழுப்பில் போய்விட்டது. கொஞ்ச நேரம் அழுதான்.

பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரியில் தடை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

மேட்டுப்பாளையம் பாக்குமண்டி

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த வண்டியில் மலை ஏறினால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே முதல் இந்த ஏற்பாடு. எங்கள் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் ஏறி பஸ்ஸில் இறங்கினால் அந்தக் கவலையே இல்லை. ரயிலில் ஏறுங்கள், இறங்குவதற்கு பஸ் போதும் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். இறக்கத்தில் நேரம் குறைவுதான், ஆனால் என்ஜின் மூச்சு வாங்கி ஏறுவதைக் கேட்பதற்குத்தானே வருகிறோம்.

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை குழுவாகத் திட்டம் போடாதீர்கள். வடகிழக்கு மழையில் பாதையில் மண் சரியும், மரம் விழும், அன்றைக்கு ரயில் ரத்து. பணம் திரும்ப வந்துவிடும், ஆனால் 15 பேரைத் திரட்டிய பாடு திரும்ப வராது. 2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறக்க மாட்டோம். நீலகிரியில் எத்தனை உயிர் போனது. பாதை பிய்ந்து பல மாதம் ரயில் இல்லை. பிப்ரவரி நல்ல தேர்வு.

குன்னூர்ப் பெண், இப்போது பர்மிங்ஹாம்

அக்கா, நானும் குன்னூர்தான். நர்ஸ் வேலைக்கு இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. உங்கள் பதிவைப் படித்ததும் போன கோடையில் நாங்கள் போன ஒரு படகுப் பயணம் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுக்காரர்கள் மாதிரி எனக்குத் தோன்றுகிறது, அதனால் எழுதுகிறேன்.

இங்கே ரயில் வருவதற்கு முன்பு நிலக்கரியும் இரும்பும் கால்வாய் வழியாகத்தான் போயின. கரையில் குதிரை நடந்து கயிற்றால் படகை இழுத்துப் போகும். படகு பார்க்க விநோதமாக இருக்கும். அகலம் ஏழடிதான், நீளமோ எழுபதடி வரை. ஒரு ரயில் பெட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்ட மாதிரி. இப்போது சரக்கு இல்லை, அந்தப் படகுகளில் மக்கள் குழுவாகப் போகிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரித் தமிழ், மலையாளக் குடும்பங்கள் 12 பேர் ஒரு நாளுக்கு எடுத்தோம். நடக்கிற வேகம்தான். கரையில் நாயோடு நடப்பவர் நம்மைத் தாண்டிப் போவார்.

மேடு வந்தால் படகு எப்படி ஏறும்? அதற்குத்தான் லாக். இரண்டு பக்கமும் மரக்கதவு வைத்த ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டுப் பின்கதவைச் சாத்திவிட்டு மேலே இருக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டால் தொட்டி நிரம்பும், படகும் கூடவே எழும்பும். மட்டம் சமமானதும் முன்கதவைத் திறந்து போய்விடலாம். அந்தக் கதவுக்கு நீளமான மரக்கை இருக்கிறது. அதில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றித் தள்ள வேண்டும். தண்ணீர் மட்டம் சமமாகாமல் பத்து பேர் தள்ளினாலும் அசையாது. சமமானதும் ஒரு பிள்ளை தள்ளினாலே மெல்லத் திறக்கும். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் மாறி மாறித் தள்ளினோம். மாலையில் முதுகு வலித்தது, ஆனால் அந்தப் படகை நாங்கள்தான் மேலே ஏற்றினோம் என்ற நிறைவு இருந்தது.

பொன்மலை ஐயா பல் பாதையை விளக்கியதைப் படிக்கும்போது அதுதான் தோன்றியது. ஏற முடியாத மேட்டில் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறுவது. அங்கே பல், இங்கே தண்ணீர்.

வேல்ஸில் இன்னொரு கால்வாய் இருக்கிறது. 1805இல் கட்டிய பாலத்தின்மேல், கீழே ஓடும் ஆற்றுக்கு 38 மீட்டர் உயரத்தில், இரும்புத் தொட்டிக்குள் படகு போகும். அதுவும் யுனெஸ்கோ பட்டியலில், நம் ரயிலும் 2005 முதல் அதே பட்டியலில். நான் அந்தப் பாலத்தில் படகில் நின்றபோது நினைத்தது பர்லியார்ப் பள்ளத்தைத்தான். ஆனால் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு அக்கா. வேல்ஸ் வரை போய் அதைப் பார்த்த நான், எங்கள் ஊர் ரயிலில் கல்லாறிலிருந்து ஏறியதே இல்லை.

கால்வாய்க்கரை (சென்னை)

சகோதரி கால்வாய் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா பக்கிங்ஹாம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகில் வேலை பார்த்தவர். காக்கிநாடாவிலிருந்து விழுப்புரம் பக்கம் வரை கடற்கரையை ஒட்டியே போகும், நானூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்கள் வெட்டியது. இன்றைக்கு நகரத்துக்குள் அதில் படகு விட வழியில்லை. சாக்கடை, மேலே ரயில் தூண்கள். உங்கள் ரயில் இன்னும் ஓடுகிறது என்பதே பெரிய விஷயம். ஓடுவதை நிறுத்திவிட்டால் பிறகு தாத்தா சொன்ன கதை மட்டும்தான் மிஞ்சும். எங்கள் வீட்டில் அவர் தள்ளிய மூங்கில் கழியின் இரும்புப் பூண் ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான்.

லவ்டேல் மூடுபனி

அக்காவின் பதிவு அருமை. ஒரே ஒரு விஷயத்தில் என் கருத்தைச் சொல்கிறேன். மலைமக்களுக்கு டிக்கெட் கிடைப்பதில்லை என்ற வருத்தம் நியாயம்தான். அதற்காகத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. வழக்கமாக நான்கு பெட்டிதான், அந்த ஏற்றத்தில் இஷ்டத்துக்குச் சேர்க்க முடியாது. இருக்கிற கொஞ்ச இடத்தையும் பிரித்தால் எப்போதோ ஒருமுறை கன்னியாகுமரியிலிருந்து வரும் ஏழைக் குடும்பத்துக்கு இடம் இருக்காது. அவர்களும் நம் ஆட்கள்தானே. 46 கிலோமீட்டர், 250 பாலம், 16 சுரங்கம், இதை ஒவ்வொரு மழைக்கும் பிறகு சரிபார்த்து ஓட்டுகிறார்கள். முதலில் அது நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் என் கவலை.

கொழுந்துக்கூடை

தம்பி, நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. கன்னியாகுமரிக் குடும்பத்தின் இடத்தை நான் கேட்கவில்லை. ஆனால் இதை யோசித்துப் பாருங்கள். கோடை சீசனில் சிறப்பு ரயில் விடுகிறார்கள், முழு ரயிலை வாடகைக்கு எடுக்கவும் வழி இருக்கிறது. சுற்றுலா குறைவாக இருக்கும் பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு பெட்டி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தோட்டத் தொழிலாளிகளுக்கும் என்று வைத்தால் யாருக்கு நஷ்டம்? காசு கொடுத்துத்தான் ஏறுவோம். இலவசம் கேட்கவில்லை.

எங்கள் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இந்த ரயிலைப் படிக்கிறார்கள். 1899இல் குன்னூர் வந்தது, 1908இல் ஊட்டி வந்தது என்று எழுதிப் பரீட்சையில் மார்க் வாங்குகிறார்கள். ஊதல் சத்தம் வகுப்புக்குள்ளேயே கேட்கிறது. ஏறிப் பார்த்த பிள்ளைகளைக் கை தூக்கச் சொன்னபோது அந்த வகுப்பில் இரண்டு கைதான் எழுந்தது. நான் கேட்டேன், நேரில் பார்த்தேன்.

லவ்டேல் மூடுபனி

இரண்டு கைதானா? அப்படியென்றால் என் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறேன் அக்கா. வருடத்துக்கு ஒரு பெட்டி என்று மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். எழுதித் தரவும் தயார்.

பொன்மலை வொர்க்‌ஷாப்

மனுவில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வரும் நாளில் குன்னூரில் என்ஜின் ஷெட்டையும் காட்டச் சொல்லுங்கள். பல்சக்கரத்தைக் கண்ணால் பார்க்காமல் பல் பாதை புரியாது. நான் வந்து விளக்குகிறேன், பஸ் செலவு என்னுடையது.

காரமடை குமரி

அக்கா, நாங்கள் மார்ச் முதல் ஞாயிறுக்கு முயன்றோம், டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஜூனுக்குப் பார்க்கிறோம். நான்கு போன் யோசனைக்கு நன்றி. அந்தப் பாறை எந்தப் பக்கம் வரும்? நாங்களும் கை ஆட்ட வேண்டும்.

கொழுந்துக்கூடை

ரன்னிமேடு ஸ்டேஷன் தாண்டியதும் தேயிலை ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஜூன் ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை வாருங்கள். அப்போது பாறையில் நாங்கள் இருப்போம்.

குன்னூர்ப் பெண், இப்போது பர்மிங்ஹாம்

அக்கா, அடுத்த தடவை போகும்போது என் அம்மாவைச் சேர்த்துக்கொள்வீர்களா? தனியாக இருக்கிறார். 64 வயது, முழங்கால் பரவாயில்லை. பணம் நான் அனுப்புகிறேன். அவர் கேட்க மாட்டார், கூச்சப்படுவார். நீங்கள் போய்க் கூப்பிட்டால் வருவார்.

கொழுந்துக்கூடை

வீடு எங்கே என்று தனிச்செய்தியில் சொல்லும்மா. ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த 72 வயது அம்மாவும் போய்க் கூப்பிடுகிறோம். அவருக்கு மறுபடி போக ஆசை, பக்கத்து சீட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நாலு மணி வேனுக்கு ஸ்வெட்டர் போட்டு வரச் சொல், பர்லியாரில் கழற்றிக்கொள்ளலாம்.